ஆயிரத்தில் பத்து: டிஜிட்டல் டேப்பிலிருந்து குரலை மீட்பது

இன்னைக்கு உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு சின்ன கேசட்டைப் பத்திப் பேசப் போறோம். அது பிறந்த கதை, அது ஊமையான கதை, அதுல இருக்கற குரலை ஒரு எண் கூடக் குறையாமல் கம்ப்யூட்டருக்கு எப்படி எடுக்கறதுங்கற கதை.

முதல்ல ஒரு ரயில் பாதையை மனசுல வச்சுக்குங்க. விருதுநகரில் இருந்து செங்கோட்டைக்குப் போற பாதை. நடுவுல ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர்ல ராஜபாளையம். அப்புறம் சங்கரன்கோவில், தென்காசி, கடைசியில செங்கோட்டை. அந்தச் செங்கோட்டையில 1906ல பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1933ல, 27 வயசுலேயே இறந்துட்டார். அவர் பாடின 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு ஒண்ணு இன்னைக்கு உங்க கையில கிடைச்சா, அதைக் கேட்க ஒரு ஊசியும் சுத்தற மேடையும் போதும். கீறல் சத்தத்துக்கு நடுவுல கிட்டப்பா பாடுவார்.

அதே பாதையில ஏதோ ஒரு ஊர்ல 1995ல ஒருத்தர் டிஜிட்டல் டேப்பில் பதிவு பண்ணினார்னு வச்சுக்குவோம். மார்கழி மாசத்து அரையர் சேவையா இருக்கலாம். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுப் பாட்டி தெலுங்குல பாடின கல்யாணப் பாட்டா இருக்கலாம். கிட்டப்பா தட்டை விட ஆயிரம் மடங்கு சுத்தமான பதிவு. ஆனா இன்னைக்கு அந்த கேசட் கையில கிடைச்சா பெரும்பாலானவங்களால ஒரு நொடி கூடக் கேட்க முடியாது. தொண்ணூறு வருஷப் பழசு பேசுது, முப்பது வருஷப் புதுசு பேச மாட்டேங்குது. ஏன்?

டி.வி.க்குப் பிறந்த எண்

ஒலியை எண்ணா மாத்தற வித்தை 1970களிலேயே தயார். அதை வைக்கறதுக்குத்தான் இடம் இல்லை. ஸ்டீரியோவில ஒரு நிமிஷ ஒலிக்குச் சுமார் 10 எம்.பி. வேணும். அன்னைக்கு அது பெரிய கம்ப்யூட்டர்களுக்கே கனமான சுமை. அவ்வளவு வேகமா தகவலை எழுதக்கூடிய, கட்டுப்படியாகற மெஷின் ஒண்ணுதான் இருந்துச்சு: வீடியோ ரெக்கார்டர்.

அதனால சோனி ஒரு வேலை பண்ணினாங்க. ஒலியை எண்ணாக்கி, அந்த எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளா மாத்தி, டி.வி. படம்னு வீடியோ டேப்பை நம்ப வச்சாங்க. 1978ல வந்த பி.சி.எம்-1600 அப்படித்தான் வேலை செஞ்சது. யு-மேட்டிக் வீடியோ கேசட்ல பாட்டு.

இங்க ஒரு கணக்கு இருக்கு, கேளுங்க. அமெரிக்க, ஜப்பானிய டி.வி. முறையில நொடிக்கு 60 புலம். ஒவ்வொரு புலத்திலும் ஒலிக்குப் பயன்படற கோடு 245. ஒவ்வொரு கோட்டுக்கும் 3 மாதிரி. 60 × 245 × 3, ஆக 44,100. ஐரோப்பிய முறையில 50 புலம், 294 கோடு, 3 மாதிரி. அதுவும் 44,100. ரெண்டு முறைக்கும் பொருந்தற எண்ணா அமைஞ்சதால அதுவே நிலைச்சது. 1982ல சி.டி. வந்தப்பவும் அதே எண். இன்னைக்கு உங்க போன்ல இருக்கற பாட்டுலயும் பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். காதுக்காக மட்டும் வந்த எண் இல்லை அது, டி.வி. கோட்டுக்காகவும் வந்த எண்.

டாட் வந்த கதை

வீடியோ மெஷினைச் சுமக்காமல், ஒலிக்குன்னே ஒரு சின்ன டேப் வேணும்னு செஞ்சதுதான் டிஜிட்டல் ஆடியோ டேப். சுருக்கமா டாட். 1987ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்துச்சு. சாதாரண ஆடியோ கேசட்ல பாதி அளவுதான். 16 பிட், நொடிக்கு 48,000 மாதிரி, 44,100 மாதிரி, அல்லது 32,000 மாதிரி. ஒரு கேசட்ல 2 மணி நேரம்.

உள்ளே நடக்கறது வீடியோ ரெக்கார்டர் வேலைதான். டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர் கூட இல்லை. அது நொடிக்கு 8 மில்லிமீட்டர்தான் நகருது, எறும்பு ஊர்ற மாதிரி. ஆனா தலை இருக்கற உருளை நிமிஷத்துக்கு 2,000 தடவை சுத்துது. டேப்பின் மேல சாய்வா, அடுத்தடுத்து கோடு போடுது. ஒரு கோட்டின் அகலம் சுமார் 13.6 மைக்ரான். நம்ம தலைமுடியைக் குறுக்கால அஞ்சாப் பிளந்தா ஏறக்குறைய அந்த அளவு வரும்.

கிட்டப்பா தட்டு ஏன் பேசுது, டாட் ஏன் பேசலைங்கறதுக்கு பதில் இங்கதான். இசைத்தட்டு ஒரு பள்ளம். ஊசி இருந்தா போதும். டாட் ஒரு எழுத்து. அதைப் படிக்க 13.6 மைக்ரான் கோட்டைத் தவறாமல் தொடர்ந்து போற ஒரு மெஷின் வேணும். அந்த மெஷினை இப்ப யாரும் செய்யறதில்லை. சோனியே 2005ல நிறுத்திட்டாங்க.

டாட் வீட்டுக்குள்ள வராமல் போனதுக்கு ஒரு அரசியலும் உண்டு. தேயாத நகல் எடுக்கற மெஷின்னு இசைக் கம்பெனிகள் பயந்தாங்க. நகலுக்கு நகல் எடுக்கறதைத் தடுக்கற ஒரு குறியை எண்களோடவே சேர்க்கணும்னு ஏற்பாடு வந்துச்சு. 1992ல அமெரிக்காவில அதுக்குச் சட்டமே போட்டாங்க. பொதுஜனம் டாட்டை வாங்கலை. ஸ்டுடியோக்கள் வாங்கினாங்க. 1990கள்ல மாஸ்டர்னா டாட்தான். வாக்மேன் அளவுல பேட்டரியில ஓடற ரெக்கார்டர் வந்ததும், நாட்டார் பாட்டு சேகரிக்கறவங்க, இசை ஆய்வாளர்கள் அதைத் தோள்பையில போட்டுக்கிட்டுக் கிராமம் கிராமமா போனாங்க.

விளைவைப் பாருங்க. சினிமாப் பாட்டுக்கு சி.டி. இருக்கு, கேசட் இருக்கு, நகல் ஆயிரம். ஆனா ஆய்வாளர் பையில இருந்த பதிவுக்குப் பல சமயம் அந்த ஒரே டேப்தான். பாடின பாட்டி இப்ப இல்லை. அந்த டேப் போனா பாட்டும் போச்சு.

நாதமுனிக்கு எப்படித் தெரிஞ்சது?

இந்த இடத்துல நான் உங்களை ஆயிரத்து நூறு வருஷம் பின்னாடி கூட்டிட்டுப் போறேன். டேப்போட கதையை விட்டு விலகலை, பொறுமையா வாங்க.

வைணவ மரபு சொல்ற கதை இது. காட்டுமன்னார்கோயில்ல நாதமுனி இருக்கார். அங்க வந்த சிலர் குடந்தைப் பெருமாள் மேல பத்துப் பாட்டு பாடறாங்க. நாதமுனி உருகிப் போறார். ஆனா அந்தப் பத்தின் கடைசிப் பாட்டுல ஒரு விஷயம் இருக்கு. இந்தப் பத்தும் ஓர் ஆயிரத்தைச் சேர்ந்ததுன்னு பாட்டே சொல்லுது. உடனே கேட்கறார்: மிச்சம் எங்கே? எங்களுக்குத் தெரிஞ்சது இந்தப் பத்துதான்னு அவங்க சொல்றாங்க. தேடிக்கிட்டு ஆழ்வார் திருநகரி வரைக்கும் போறார். மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் தடவை சொல்லி, நம்மாழ்வார்கிட்டயிருந்து நாலாயிரத்தையும் பெற்றார்னு மரபு. அதுக்குப் பண் அமைச்சு, தன் மருமகன்கள் ரெண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தார். அரையர்கள் தங்கள் மரபை அங்கிருந்துதான் சொல்றாங்க. கூம்பு வடிவக் குல்லாவும் கையில தாளமுமா அரையர் சேவை இன்னும் நடக்கற சில கோயில்கள்ல ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒண்ணு.

கதையில அற்புதத்தை நம்பறதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்கு முக்கியம் அதுல இருக்கற ஒரு சின்ன விஷயம்தான். பத்துப் பாட்டு கையில இருந்தப்ப, தொள்ளாயிரத்துத் தொண்ணூறு காணோம்னு நாதமுனிக்கு எப்படித் தெரிஞ்சது? பாட்டுக்குள்ளேயே எண்ணிக்கை இருந்துச்சு. அதனால தெரிஞ்சது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான ஆண்டாளும் இதைத்தான் செஞ்சாங்க. திருப்பாவையின் கடைசிப் பாட்டுல ஊர் இருக்கு, தகப்பனார் பேர் இருக்கு, தன் பேர் இருக்கு, பாட்டு முப்பதுங்கற எண்ணும் இருக்கு. யாராவது ஒரு பாட்டை விட்டுட்டா பிடிபட்டுடும். நம்மாழ்வாரின் திருவாய்மொழி அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். நடுவுல ஒண்ணு விழுந்தா சங்கிலி அறுந்து, தானே காட்டிக் கொடுத்துடும்.

வாய்வழியா வந்த இலக்கியம், தன்னைத்தானே சரிபார்க்கற வித்தையைத் தனக்குள்ளேயே வச்சிருந்தது. டாட் டேப்பும் அதேதான் செய்யுது.

மறைக்கிற மெஷின்

1960ல இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன்னு ரெண்டு கணித அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. தகவலோட சில கூடுதல் எண்களைச் சேர்த்து அனுப்பினா, வழியில சில எண் அழிஞ்சாலும் மிச்சத்தை வச்சு அழிஞ்சதைத் துல்லியமா கணக்குப் போட்டு எடுத்துடலாம். சி.டி.யில அதுதான், கடையில ஸ்கேன் பண்ற க்யூஆர் குறியீட்டுல அதுதான், டாட்டிலும் அதுதான். அதோட டாட்டில், அடுத்தடுத்த மாதிரிகளைப் பக்கத்துல பக்கத்துல எழுதறதில்லை. கலைச்சுப் போட்டு ரெண்டு கோட்டுக்குப் பிரிச்சு எழுதும். ஒரு இடத்துல டேப் கெட்டாலும் மொத்தமா ஒரு சொல் போயிடாது.

டேப் கெடும்போது மெஷின் மூணு படியா நடந்துக்கும். முதல் படி, பிழையைத் திருத்தறது. இதுல நஷ்டமே இல்லை. போன எண்ணே திரும்பக் கிடைக்குது. ரெண்டாவது, திருத்த முடியாத அளவுக்குப் பிழை இருந்தா, முன்னும் பின்னும் இருக்கற எண்ணைப் பார்த்து நடுவுல ஒரு எண்ணை ஊகிச்சுப் போடறது. மூணாவது, ஊகிக்கவும் வழியில்லைன்னா, மௌனம்.

மூணாவது படி காதுக்குத் தெரியும். ஆபத்து ரெண்டாவதுலதான். நீங்க கேட்கறது பாடினவர் குரலா, மெஷின் ஊகிச்ச குரலான்னு காது கண்டுபிடிக்காது.

ராஜபாளையத்துல மில் வேலை தெரிஞ்சவங்களுக்கு இதை எளிதா சொல்லிடலாம். 1936ல ஆரம்பிச்ச ராஜபாளையம் மில்ஸ் காலத்துல இருந்து நூல்தான் அந்த ஊரின் தொழில். ஆட்டோகோனர் மெஷின்ல நூல் ஓடும்போது பழுது வந்தா வெட்டி, திரும்ப இணைச்சு, ஓட்டத்தைத் தொடரும். கோன்ல சுத்தி முடிச்சப்புறம் இணைப்பு எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. ஆனா எத்தனை வெட்டுன்னு மெஷின் கணக்கு வச்சிருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நூலின் தரத்தைச் சொல்வாங்க. டாட்டுக்கும் அதே விதிதான். ஒலி எப்படி இருக்குன்னு கேட்டா மட்டும் போதாது. எத்தனை பிழைன்னு கேட்கணும். தொழில்முறை டாட் மெஷின்கள் சிலதுல பிழை எண்ணிக்கையைக் காட்ற வசதி உண்டு. அதைப் பார்க்காமல் எடுத்த நகல் அரைகுறை நகல்.

எண்ணை எண்ணாகவே எடுக்கணும்

சரி, இப்ப வேலைக்கு வருவோம். நிறைய பேர் டாட் மெஷினின் ஹெட்போன் துளையில ஒயரை மாட்டி, கம்ப்யூட்டரின் மைக் துளையில சொருகிடறாங்க. கணக்கு நோட்டை ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் காதால கேட்டு எழுதற மாதிரி அது. எண் மின்னழுத்தமா மாறி, திரும்ப எண்ணா மாறுது. ரெண்டு தடவை மொழிபெயர்ப்பு. நோட்டுல இருக்கற எண்ணைப் பார்த்து அப்படியே எழுதறதுதான் முறை.

அதுக்கு மெஷினின் பின்னாடி டிஜிட்டல் அவுட் இருக்கான்னு பாருங்க. எஸ்பிடிஃப், அல்லது ஸ்டுடியோ மெஷின்னா ஏ.இ.எஸ். அதை டிஜிட்டல் இன் இருக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல கோர்க்கணும். இன்டர்ஃபேஸின் கடிகாரத்தை டேப் மெஷினுக்குக் கட்டுப்படுத்தி வைக்கணும். ரெண்டு கடிகாரம் தனித்தனியா ஓடினா அங்கங்க டிக் டிக்னு சத்தம் விழும்.

டேப் 48 கிலோஹெர்ட்ஸ்னா பதிவும் 48. டேப் 44.1னா பதிவும் 44.1. கூட்டினா தரம் கூடும்னு சிலர் 96 வைப்பாங்க. டேப்ல இல்லாதது எங்கிருந்து வரும்? வால்யூமைத் தொடாதீங்க, இரைச்சல் நீக்கற மென்பொருளை ஓட்டாதீங்க. அதெல்லாம் பின்னாடி, கேட்கறதுக்குன்னு எடுக்கற இன்னொரு நகல்ல. மூல நகல் எம்.பி.3 ஆகக் கூடாது, வேவ் கோப்பாத்தான் இருக்கணும். 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மணி நேரம் சுமார் 691 எம்.பி.தான். இன்னைக்கு ஒரு சின்ன பென் டிரைவ்ல எத்தனையோ டேப் அடங்கும்.

ஒரு நுணுக்கம். சில பதிவுல எம்ஃபசிஸ்னு ஒண்ணு போட்டிருப்பாங்க. உயர்ந்த சுருதிகளைத் தூக்கிப் பதிவு பண்றது. மெஷின்ல விளக்கு காட்டும், வேவ் கோப்புல அந்தக் குறி வராது. எழுதி வைக்கலைன்னா, நாளைக்குக் கேட்கறவங்க பாடினவர் குரலே கூர்மைன்னு நினைச்சுக்குவாங்க.

டேப்பை வேகமா ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டி, இறுக்கம் தளர்த்திட்டு ஆரம்பிங்க. தலை உருளையைப் பஞ்சு சுத்தின குச்சியால துடைக்காதீங்க. பஞ்சு இழை தலையில மாட்டி, தலையே உடையலாம். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன வட்டாரத்துல இதைச் சொல்றது வேடிக்கைதான், ஆனா அங்க பஞ்சு ஆகாது.

கடைசியா சரிபார்ப்பு. முடிஞ்சா ரெண்டு தடவை எடுங்க. ரெண்டு கோப்பையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு எண்ணும் ஒத்துப்போனா நம்பலாம். ஒத்துப்போகாத இடம்தான் மெஷின் ஊகிச்ச இடமா இருக்க வாய்ப்பு. வேற மெஷின்ல போட்டுப் பாருங்க. பதிவு பண்ணின மெஷினே கிடைச்சா இன்னும் நல்லது, அதன் கோட்டை அதுதான் சரியா தொடரும். அப்புறம் கோப்புக்கு செக்சம் எடுத்து வைக்கணும். கோப்புல ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிடும். ஆண்டாள் சொன்ன முப்பது மாதிரிதான் அதுவும்.

பேர் இல்லாத குரல்

இவ்வளவும் பண்ணியும் ஒரு டேப் தொலைஞ்சு போகலாம். எப்படின்னு சொல்றேன்.

1938ல ஆர்னால்ட் பாகேங்கற டச்சு அறிஞர் தென்னிந்தியாவில பாட்டுகளைப் பதிவு பண்ணினார். 1984ல நசீர் ஜெய்ராஸ்பாயும் எமி காட்லினும் அந்தப் பதிவுகளின் நகலோட அதே ஊர்களைத் தேடிப் போனாங்க. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம். பாடினவங்களை, அவங்க வாரிசுகளைத் தேடி, பழைய குரலைத் திரும்பக் கேட்க வச்சாங்க. 46 வருஷத்துக்கு அப்புறம் அப்படி ஒரு பயணம் சாத்தியமாச்சுன்னா, எந்த ஊர், எந்த இடம்னு பாகே எழுதி வச்ச குறிப்புதான் காரணம்.

கேசட் உறைமேல "மார்கழி, டேப் 3"ன்னு மட்டும் இருந்தா, அந்தப் பயணம் சாத்தியமில்லை. 691 எம்.பி.யும் துல்லியமா இருக்கும், ஆனா யார் குரல்னு யாருக்கும் தெரியாது. அதனால டேப்பை ஓட்டறதுக்கு முன்னாடி உறையைப் போட்டோ எடுங்க. ஓடும்போதே எழுதுங்க: யார், எந்த ஊர், என்னைக்கு, மொத்தம் எத்தனை பாட்டு, எத்தனை டேப்பில் இது எத்தனாவது. பாடினவங்க வீட்டுல யாராவது இருந்தா, அவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேளுங்க. மெஷினுக்கு ஆயுள் குறைவு. குரலை அடையாளம் சொல்ற ஆளுக்கு அதைவிடக் குறைவு.

2019ல யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து காந்த டேப் எச்சரிக்கைன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. மெஷினும் உதிரிபாகமும் தீர்ந்து போறதால, 2025 வாக்குல டேப்பை வழக்கமா மாற்றி எடுக்கற வேலையே உலகம் முழுக்க நின்னு போகும்னு அவங்க கணிப்பு. அந்த வருஷம் வந்தாச்சு. இன்னும் ஓடற மெஷின்கள் அங்கங்க இருக்கு, ஆனா வருஷா வருஷம் குறையுது.

பரண்லயோ பீரோவிலயோ இப்படி ஒரு சின்ன கேசட் இருந்தா, அது எந்த ரகம்னு முதல்ல பாருங்க. மேல டாட், டி.டி.எஸ்.னு ஏதாவது இருந்தா, சாதாரண கேசட் பிளேயர்ல போட்டுப் பார்க்காதீங்க, வெயில் படாமல், ஈரம் படாமல் எடுத்து வைங்க. தெரிஞ்ச ஸ்டுடியோவில, பல்கலைக்கழகத்துல, ஆவணக் காப்பகத்துல மெஷின் ஓடுதான்னு விசாரிங்க. அதுக்கு முன்னாடி ஒரு தாளை எடுத்து, உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதி, கேசட்டோட சேர்த்துக் கட்டுங்க. இதுல இருக்கறது பத்துன்னா, அது எந்த ஆயிரத்தைச் சேர்ந்ததுன்னு எழுதுங்க. தேடற ஒருத்தர் என்னைக்காவது வருவார்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.